எடைக்குப் போகும் முன்

பழைய பொருளுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று எடை விலை. இன்னொன்று ‘ஆன்டிக்’ விலை. மாதனூர்ப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்துக் காயலான் கடையில் ஒரு பித்தளைத் தவலையைக் கொண்டுபோய் வைத்தால், தராசு காட்டுகிற கிலோதான் அதன் விலை. அதே தவலை கைமாறிக் கைமாறி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ச் சேர்ந்து, துலக்கி அடுக்கப்பட்டுவிட்டால், அங்கே தராசுக்கு வேலையில்லை. ‘பீஸ் இவ்வளவு’ என்பார்கள். கையைக் கடிக்காமல் வீட்டைப் பழைய பொருட்களால் அழகாக்க நினைப்பவர்கள், அந்தத் தவலையைத் தராசுத் தட்டில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். நான் சொல்ல வந்தது முழுக்க அதைப் பற்றித்தான்.

காரைக்குடியைக் குறை சொல்லவில்லை. பர்மாத் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் சுவீடன் எனாமல் பாத்திரமுமாக நிறைந்திருந்த செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டபோது, அந்தச் சாமான்கள் வந்து இறங்கிய தெரு அது. ஓட்டல்காரர்களும் கட்டடக் கலைஞர்களும் சினிமாக்காரர்களும் அங்கே வாங்குகிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணுக்கு நல்ல பயிற்சி. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவுக்கும் போகலாம். பழைய வீடுகளை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து எழுப்பியிருப்பதால், எந்தப் பொருள் வீட்டில் எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த வெளிச்சத்தில் இருந்தது என்று தெரிந்துகொள்ள முடியும். வாங்குவதை மட்டும் நம் ஊர்ப்பக்கம் வைத்துக்கொள்வோம்.

நம் ஊர்ப்பக்கம் என்றால் வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீள்கிற தோல் தொழில் பகுதி. மாதனூரில் ஆற்றைத் தாண்டினால் உள்ளி. அதற்கப்பால் தறிக்கும் தீப்பெட்டிக்கும் பேர் போன குடியாத்தம். இங்கே அரண்மனை மாதிரி வீடுகள் அதிகம் இல்லை. ஆனால் உழைத்த பொருட்கள் நிறைய இருக்கின்றன. ஷூ கம்பெனியில் உழைத்த மரக்கட்டை, தறியில் ஓடிய நாடா, கல்யாணத்துக்குச் சோறு வடித்த அண்டா, மூன்று பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த மிஷின். இவை எல்லாமே எடைக்குத்தான் போகின்றன. அதனால்தான் இவை நமக்குக் கட்டுப்படியாகின்றன.

பித்தளை ஏன் எடைக்குப் போனது என்பது எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். ‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று தெருவில் குரல் கேட்டால் நாங்கள் பரணை நோக்கி ஓடுவோம். எவர்சில்வர் வந்தது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், மகளுக்குச் சீராகக் கொடுத்தாலும் பளபளவென்று இருந்தது. அப்புறம் தண்ணீருக்கு பிளாஸ்டிக் குடம் வந்தது; தூக்கிக்கொண்டு நடக்க இலேசாக இருந்தது. வேலை குறைந்தது என்பது உண்மையான நன்மை. பித்தளையை எடைக்குப் போட்ட பெண்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குப் போன குடங்களும் செம்புகளும் உலைக்குப் போய் உருகிவிட்டன. மிச்சம் இருப்பவை இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.

முதல் கடை உங்கள் வீட்டுப் பரண். சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பரணில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ‘ஒண்ணும் இல்ல, பழைய சாமான்’ என்றுதான் பதில் வரும். இறக்கிப் பாருங்கள். உழக்கு, படி, இட்லிக் குண்டான், பீங்கான் ஊறுகாய் ஜாடி, தாத்தாவின் தகரப் பெட்டி, வெற்றிலைச் செல்லம், அரிக்கேன் விளக்கு. இரும்புப் படி கிடைத்தால் அடியில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் 1958 அக்டோபரில் தொடங்கி 1960-களின் தொடக்கத்துக்குள் லிட்டரும் கிலோவும் கட்டாயமாகிவிட்டன. அதற்கு முந்தைய அரசு முத்திரை குத்திய அளவுப்படி என்றால் வயது அறுபதைத் தாண்டிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மேசையில் பேனா போட்டு வைக்க அதைவிட உறுதியான ஒரு பொருள் எனக்குத் தெரியாது.

இரண்டாவது கடை காயலான் கடை. இதற்குப் போகிற நேரம் முக்கியம். போகிக்கு முந்தின இரண்டு வாரம் வீடுகளில் வெள்ளையடிப்பு நடக்கும். கழிக்கிறதெல்லாம் கடைக்கு வரும், மீதி தெருவில் எரியும். ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் ரம்ஜானுக்கு முன்பும் வீடுகளைச் சுத்தம் செய்து பெயின்ட் அடிப்பார்கள். இந்த இரண்டு காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை கடைக்குள் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும். சாமான் வந்த அன்றைக்கே பிரித்து, அடுத்த லாரியில் ஏற்றிவிடுவார்கள். தாமதித்தால் கிடைக்காது.

கடைக்காரரிடம் பேசுகிற விதமும் ஒன்று உண்டு. “பாய், இந்தத் தவலையைப் பொருளா குடுப்பீங்களா, எடைக்கா?” என்று நேராகக் கேளுங்கள். “எடைக்குத்தாம்மா வாங்குனேன், எடை போட்டு மேல கொஞ்சம் போட்டுக் குடுத்துட்டு எடுத்துக்கோ” என்பார். அன்றைய பித்தளை விலை, செம்பு விலை, வார்ப்பிரும்பு விலை என்ன என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்குமேல் கால் பங்கு கூடுதலாகக் கொடுத்தால் அவருக்கும் லாபம், நமக்கும் நியாயம். அதிலும் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். அடுத்த முறை நல்ல பொருள் வந்தால் அவரே உங்களுக்காக ஓரமாக எடுத்து வைப்பார். ஐந்தாறு வருடமாக எனக்கு அப்படி எடுத்து வைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். என் வீட்டில் உள்ள பாதிப் பொருட்கள் அவர் கண்ணில் பட்டுத் தப்பியவை.

அப்படி வந்த தவலை ஒன்றைச் சற்று அருகில் காட்டுகிறேன். கழுத்துக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி ஒரு பெண்ணின் பெயரும், அதற்கு முன்னால் இரண்டு எழுத்து இனிஷியலும், ஒரு தேதியும் இருந்தன. கல்யாணச் சீர். பாத்திரக் கடையில் வாங்கினதும் பெயர் வெட்டித் தருவார்களே, அது. வயிற்றுப் பகுதியில் விரலால் தடவினால் சிறுசிறு குழிகள் தட்டுப்பட்டன. சுத்தியலால் அடித்து உருவாக்கிய அடையாளம். அடிப்பாகமும் மேல்பாகமும் சேருகிற இடத்தில் பல்லும் பல்லும் கோத்த மாதிரி ஒரு கோடு ஓடியது. தகட்டின் விளிம்பைப் பற்களாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து, பற்ற வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு தெரிந்தால் கைவேலை என்று நம்பலாம். புதிதாக வார்த்து, அமிலம் தடவிக் கறுக்க வைத்து ‘பழசு’ என்று விற்கிறவற்றில் இது இருக்காது. போலியில் கறுப்பும் ஒரே சீராக இருக்கும். உண்மையில் புழங்கிய பாத்திரம் கை படுகிற விளிம்பிலும் தரை படுகிற அடியிலும் தேய்ந்து வெளுத்து, மடிப்புகளில் மட்டும் கறுத்திருக்கும்.

அந்தப் பெயரை அழித்துவிடலாம் என்று மெருகு போடுகிறவர் சொன்னார். வேண்டாம் என்றேன். யாரோ ஒருத்தி தன் புகுந்த வீட்டுக்கு எடுத்துப்போனது. அந்தப் பெயரோடுதான் என் வீட்டு முன்னறையில் அது இருக்கிறது. குடைகள் போட்டு வைக்கிறோம்.

துலக்குவதற்குப் புளியும் கல்லுப்பும் போதும். புளியின் அமிலம் மேலே படிந்த கறையைக் கரைக்கும். செங்கல் பொடி வேண்டாம், கீறல் விழும். பளபளப்பு ஏற்றும் எந்திரத்தில் கொடுத்தால் வெட்டிய பெயரும் சுத்தியல் குழியும் மழுங்கிவிடும். கழுவித் துடைத்து, வெயிலில் உலர்த்தி, துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தால் நிறம் சில மாதம் நிற்கும்.

அதில் சமைக்கவும் ஆசை வந்தால் உட்பக்கம் பாருங்கள். வெள்ளி மாதிரி வெளுத்த பூச்சு முழுதாக இருக்க வேண்டும். அதுதான் வெள்ளீயம், நம் பக்கம் ‘கலாய்’ என்றும் சொல்வோம். பூச்சு போய்ப் பித்தளை தெரிந்தால் புளி, தயிர், எலுமிச்சை எதுவும் அதில் படக்கூடாது. பச்சைக் களிம்பு ஏறும். வாந்தி, வயிற்றுவலி வரும். மறுபடி பூசிக்கொள்ளலாம். பாத்திரத்தைக் கரியடுப்பில் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளீயத் துண்டைத் தேய்த்துப் பஞ்சால் பரப்புவார்கள். 232 டிகிரியில் உருகிவிடுகிற உலோகம் என்பதால் கரிச் சூடே போதும். பூசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். செம்பு தேக்சாவில் பிரியாணி போடுகிற மாஸ்டர் யாரிடமாவது கேளுங்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பூச வாங்குவது வெள்ளீயம்தானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் கலந்தால் அது விஷம்.

அடுத்து, கால் மிஷின். கையால் ஷூ மேல்தோல் தைக்கிற பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் பகுதி இது. தையல் என்பது இங்கே பாதிக் குடும்பங்களின் சோறு. மோட்டார் மிஷின் வந்ததும் பழைய மிஷினின் தலை ஒரு பக்கம் போயிற்று, வார்ப்பிரும்புக் கால் காயலான் கடைக்குப் போயிற்று. பூவும் கொடியுமாக வார்த்த இரண்டு பக்கச் சட்டமும், நடுவில் மிதிபலகையும், ஓரத்தில் சக்கரமும். இதன் மேல் ஒரு கடப்பாக் கல்லை வைத்தால் நூறு வருடம் நிற்கிற மேசை கிடைத்துவிடும். மூன்று அடிக்கு ஒன்றரை அடி, முக்கால் அங்குலக் கனம் என்றால் கல் ஏறக்குறைய 20 கிலோ வரும். இரும்புக் கால் அதைச் சுலபமாகத் தாங்கும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒரு பூச்சு ரெட் ஆக்சைடு பிரைமர், அதற்குமேல் மங்கலான கறுப்பு. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் சக்கரத்தையும் மிதிபலகையையும் கம்பியால் கட்டிவிடுங்கள், விரல் மாட்டும்.

அந்தச் சக்கரத்தில் ஓடிய பெல்ட் தோல். உருட்டித் திரித்த தோல் கயிறு. பெரும்பாலும் அறுந்து, கொக்கி மட்டும் தொங்கும். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டார்கள். புதுத்தோல் போட்டு மாட்டிவிட்டால்தான் மனம் ஆறும்.

ஷூ கம்பெனிகளில் லாஸ்ட் என்று ஒன்று உண்டு. கால் வடிவத்தில் செதுக்கிய கட்டை. அதன் மேல்தான் தோலை இழுத்துப் பூட்டி ஷூவுக்கு உருவம் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் மரத்தில் இருந்தது, இப்போது பிளாஸ்டிக். பழைய மர லாஸ்ட்கள் சாக்கு மூட்டையில் விறகு விலைக்குக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எடுத்துப் பாருங்கள்: மேலே அளவு எண், இடதா வலதா என்ற குறி, குதிகாலில் ஒரு இரும்புத் தகடு, நூற்றுக்கணக்கான ஆணி ஏறி இறங்கிய பொடித் துளைகள். ஜோடி சேராததைப் பற்றிக் கவலைப்படாமல் ஐந்தாறு எடுத்து வாருங்கள். ஒரு பலகையில் குதிகால் பக்கம் திருகி, முன்பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சுவரில் அடித்தால் சட்டை, பை, துண்டு மாட்டுகிற கொக்கி. வண்ணம் அடிக்காதீர்கள். எத்தனையோ கை பட்டுப் படிந்த மெழுகும் மினுக்கும் அதில் இருக்கின்றன. பெயின்ட் அடித்தால் அவ்வளவும் போய்விடும்.

குடியாத்தம் பக்கம் தறி நின்றுபோன வீடுகளில் நாடாவும் நூல் சுற்றுகிற தார்க்கட்டையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு வைத்த படகு மாதிரி இருக்கும் நாடா. மேசையில் சாவி போட, கண்ணாடி வைக்க. கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள், நல்ல விலை கொடுங்கள். அந்த வீட்டுக்காரருக்கு அது ஓய்ந்துபோன பிழைப்பு.

மரச் சாமான் விஷயத்தில்தான் அதிகப் பணம் போகும், அதிகம் ஏமாறவும் நேரும். சென்னை–பெங்களூரு சாலையை அகலப்படுத்தியபோதும், பழைய ஓட்டு வீடுகளைப் பிரித்து மாடி போட்டபோதும், கதவு, ஜன்னல், உத்தரம், வாரை எல்லாம் பழைய கட்டடச் சாமான் கடைகளுக்கு வந்தன. அங்கே விலை கன அடியில். கணக்கு எளிது: நீளத்தை அடியிலும், அகலம், கனம் இரண்டையும் அங்குலத்திலும் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். ஏழடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம் உள்ள பலகை என்றால் 7 × 12 × 1.5 = 126; அதை 144-ஆல் வகுத்தால் 0.875 கன அடி. கடைக்காரர் ‘ஒரு கன அடி’ என்று போட்டால் ஏழில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். கையில் டேப்போடு போங்கள்.

தேக்கா என்று தெரிந்துகொள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஆசாரியை இழைப்புளியால் ஒரு இழைப்பு இழுக்கச் சொல்லுங்கள். புதிதாக வெட்டுப்பட்ட தேக்கு தோல் மணம் மணக்கும். மர வியாபாரிகள் எங்குமே இதைச் சொல்வார்கள். நம் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த மணத்தைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தேக்கு இல்லையென்றாலும் குற்றமில்லை. வேம்பும் பலாவும் வேங்கையும் நன்றாகவே உழைக்கும். விலைதான் தேக்குக்கு உரியதாக இருக்கக்கூடாது.

உளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசித் துளைகள் இருந்தாலே பயந்து விட்டுவிட வேண்டாம். அது எப்போதோ வந்து போன உளுவாக இருக்கலாம். பொருளின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து இரண்டு இரவு விடுங்கள். காலையில் மாவு மாதிரிப் புதுத் தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. பாலிஷ் இல்லாத மரமென்றால் போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து இரண்டு மூன்று முறை பூசலாம். கட்டில், நாற்காலி என்றால் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றி, கொளுத்தும் வெயிலில் நாலு நாள் போட்டு எடுத்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மூட்டைப்பூச்சி ஒருமுறை குடியேறிவிட்டால் படுகிற பாடு சொல்லி மாளாது.

பழைய பெயின்ட் இன்னொரு ஆபத்து. நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சைக் கதவிலும் நீல ஜன்னலிலும் காரீயம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, வந்த குப்பையைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. பெயின்ட்டுக்கு அடியில் ஸ்பிரிட் பட்டதும் கரைகிற பூச்சு இருந்தால் அது அரக்குப் பாலிஷ். அதை மட்டும் புதுப்பித்தாலே மரம் உயிர் பெற்றுவிடும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. தோல் பதனிடும் மரப் பீப்பாய்களைப் பிரித்த பலகைகள் சில நேரம் விற்பனைக்கு வரும். கறுத்து, வரிவரியாக, பார்க்க மிக அழகாக இருக்கும். பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்புச் சொன்ன வழக்கே இந்த ஊர்களின் தோல் கழிவு பற்றியதுதான். அந்தப் பலகைகள் தோல் பதனிடும் குரோம் தண்ணீரில் வருடக் கணக்கில் ஊறியவை. சாப்பாட்டு மேசைக்கோ, குழந்தை அறைக்கோ, அடுப்பு விறகுக்கோ அவை கூடாது. நான் வாங்குவதில்லை.

சுவருக்குப் படம் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ரவிவர்மா படம் என்று காட்டினால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அவர் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் கல்லில் அச்சிட்டவற்றில் வண்ணம் ஒழுங்கற்ற பொடிப்பொடியாகத் தெரியும். ஒரே சீரான புள்ளிகள் வட்டம் வட்டமாகத் தெரிந்தால் இன்றைய ஆப்செட் அச்சு. அதையும் வாங்கலாம், விலை மட்டும் காகித விலையாக இருக்கட்டும். பழைய விளக்கு, ரேடியோ, மின்விசிறி வாங்கினால் ஒயர் முழுவதையும் மாற்றாமல் பிளக்கில் சொருகாதீர்கள். ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுகிறவர்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்து ஊற்றுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்தக் குழியளவு தண்ணீர் போதும்.

தோட்டத்துக்கு அழகு என்று வயல் ஓரத்தில் கிடக்கிற செதுக்கிய கல்லைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். இங்கே அது பெருந்தவறு. ஆம்பூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. நுளம்பனின் படை ஊர் மாடுகளைக் கவர வந்தபோது எதிர்த்து மடிந்த வீரர்களுக்கு எடுத்தவை. இந்தப் பகுதியில் வாளோடும் வில்லோடும் ஒரு ஆள் செதுக்கிய கல்லைப் பார்த்தால் அது ஒரு சாவின் நினைவு என்று எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். மண்ணுக்குள் புதைந்த பொருள் கிடைத்தாலும் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியம், வேலைப்பாட்டுப் பொருளெல்லாம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். சாமி சிலை ஒன்றை யாராவது மலிவாகக் காட்டினால், எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று தெரியாத பொருள் வீட்டுக்குள் வேண்டாம். தந்தமும் மான்கொம்பும் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிவிடும்.

எவ்வளவு வாங்கலாம் என்று கேட்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பெரிய பழைய பொருள் ஒன்று, சின்னது இரண்டு. அதற்குமேல் போனால் அறை கடை மாதிரி ஆகிவிடும். வாங்கும் முன் இது எந்த வேலைக்கு என்று சொல்லத் தெரிய வேண்டும். தவலை குடைக்கு, லாஸ்ட் சட்டைக்கு, படி பேனாவுக்கு. வேலை இல்லாமல் ஷோகேஸில் உட்கார்ந்த பொருள் அடுத்த போகிக்கு மறுபடி காயலான் கடைக்கே போகும்; என் வீட்டிலேயே அப்படி நடந்திருக்கிறது.

கடைசியாக ஒரு நாற்காலி. பிரம்பு பிய்ந்துபோன தேக்கு நாற்காலிகள் சட்டத்தோடு மலிவாகக் கிடைக்கும். பிரம்பு பின்னுகிறவர் கிடைத்தால் அவருக்கே வேலை கொடுங்கள். கிடைக்காவிட்டால் தோல் வாரால் இருக்கை பின்னலாம். ஷூ மேல்தோல் இதற்கு மெல்லியது. மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத் தோலோ எருமைத் தோலோ வேண்டும். மரப்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. வெட்டு விளிம்பைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமில் பதனிட்டது. முழுக்கப் பழுப்பு என்றால் பட்டைத்தோல். பட்டைத்தோல் உட்கார உட்கார நிறம் ஏறி ஆழமான தேன் நிறத்துக்கு வரும். வயிற்றுப் பகுதித் தோல் தொய்யும். முதுகுப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.

பதினெட்டு அங்குலச் சதுர இருக்கை என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை அங்குல அகலத்தில் குறுக்கே ஆறு, நெடுக்கே ஆறு, மொத்தம் பன்னிரண்டு வார். ஒவ்வொன்றும் சட்டத்தை முழுதாகச் சுற்றி அடியில் வந்து பக்கிளில் சேர வேண்டும் என்பதால் 42 அங்குல நீளம். கூட்டினால் ஐந்தேகால் சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்கு ஒரு சதுர அடி கூட்டிக்கொள்ளுங்கள். முதலில் முன்னும் பின்னும் ஆறையும் மாட்டி இறுக்குங்கள். பிறகு இடமிருந்து வலமாக, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று மற்ற ஆறையும் நுழையுங்கள். வாரின் விளிம்பைத் தேன்மெழுகு தொட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்தால் நார் பிரியாமல் மொழுமொழுவென்று ஆகிவிடும். இரண்டு மணி நேர வேலை. உட்கார்ந்தால் முதல் வாரம் கிரீச்சென்று சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும். ஒரு மாதத்தில் வார் சற்றுத் தளரும்; நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு பக்கிளையும் ஒரு ஓட்டை உள்ளே தள்ளி மாட்டுங்கள்.